கர்நூலில் பிறந்த சர் ஏ. ராமசாமி முதலியார்

ஐதராபாத்திலிருந்து பெங்களூர் சாலையில் தெற்கே செல்பவர்கள் கர்நூலைக் கடந்தே ஆகவேண்டும். 1887 அக்டோபர் 14ஆம் தேதி அவ்வூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டையர் பிறந்தனர். இளையவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியார். மூத்தவர் ராமசாமி முதலியார்.

வக்கீல், ஜஸ்டிஸ் கட்சித் தலைவர், பத்திரிகாசிரியர், 1942இல் சர்ச்சிலின் யுத்த மந்திரி சபையில் இந்தியப் பிரதிநிதி என்று படிப்படியாக உயர்ந்தவர் அவர். இவை பலரும் அறிந்தவை. டாக்டருக்குப் படிக்காத இவருக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் பிறப்பில் பங்கு உண்டென்பது அவ்வளவாகத் தெரியாது.

1945இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது, பொருளாதார, சமூக விஷயங்களுக்கான குழுவின் தலைவர் அவரே. உலகுக்குப் பொதுவான சுகாதார அமைப்பு வேண்டுமென்று சீனாவும் பிரேஸிலும் கொண்டுவந்த யோசனை அந்தக் குழுவில்தான் ஏற்கப்பட்டது. 1946 ஜனவரியில் ஐ.நா. பொருளாதார, சமூகக் கவுன்சிலின் முதல் தலைவரானார். அந்தக் கவுன்சில் நியூயார்க்கில் கூட்டிய மாநாட்டில், ஜூலை 22ஆம் தேதி 61 நாடுகள் ஸ்தாபனத்தின் சாசனத்தில் கையெழுத்திட்டன. இந்தியா அப்போது சுதந்திர நாடுகூட அல்ல!

ஐ.நா.வில் இடமில்லாத நாட்டையும் பெரும்பான்மை வாக்கால் சேர்த்துக்கொள்ள அச்சாசனம் வழிவிட்டது. பிறர் ஆட்சியிலிருந்த பிரதேசங்களுக்கும் துணை உறுப்பினர் தகுதி கிடைத்தது. 1947இல் எகிப்தில் காலரா பரவி 20,000 பேருக்கு மேல் மாண்டபோது, ஸ்தாபனம் முறையாகத் தொடங்குமுன்பே அதன் இடைக்காலக் கமிஷன் தடுப்பு மருந்து திரட்ட உதவியது.

அடுத்த ஆண்டு அவருக்கு வேறு வேலை வந்தது. 1948 ஆகஸ்டில் நிஜாம் அரசு இந்தியாமீது பாதுகாப்புக் கவுன்சிலிடம் முறையிட்டது. செப்டம்பர் 16ஆம் தேதி பாரிஸில் விசாரணை. இந்திய ராணுவம் ஐதராபாத் எல்லைக்குள் புகுந்து அன்று நான்காவது நாள். இந்தியாவின் சார்பில் வாதாடியவர் ராமசாமி முதலியார். ஐதராபாத் ஒருபோதும் தனி நாடாக இருந்ததில்லை, ஆகவே முறையிடும் தகுதியே அதற்கு இல்லை என்பது அவர் வாதம். மறுநாளே நிஜாம் படை பணிந்தது. சில நாட்களில் நிஜாம் வழக்கையே வாபஸ் பெற்றார்.

வந்திருப்பவர் நாடுதானா என்ற அதே கேள்வி சுகாதார ஸ்தாபனத்தின் வாசலுக்கும் வந்தது. அதற்கு யோசனை கூறிய சீன அரசு 1949இல் தைவான் தீவுக்குப் பெயர்ந்திருந்தது. 1972 மே மாதம் ஸ்தாபனம் சீனாவின் இடத்தைப் பீக்கிங் அரசுக்கு அளித்தது. தைவானுக்கு இடமில்லாமல் போயிற்று. ராமசாமி முதலியாருக்கு அப்போது வயது 84. பிற்பாடு 2009 முதல் 2016 வரை தைவான் பார்வையாளராக மட்டும் அமர்ந்தது. 2020இல் கொரோனா உலகை ஆட்டிப்படைத்தபோது அதுவும் இல்லை.

தம்பி லட்சுமணசாமி, 1961இல் டில்லியில் கூடிய 14ஆவது உலக சுகாதார மகாசபைக்குத் தலைமை வகித்தார்; 1974இல் மறைந்தார். அண்ணன் 1976 ஜூலை 17ஆம் தேதி காலமானார்.