பேய்க்கதை எழுதிய பேரெழுத்தாளர்

இராவண வதம் முடித்து மீண்ட இராமபிரானைப் பிரமகத்தி பின்தொடர்ந்தது என்றும், முன்னேஸ்வரத்தை அடைந்தவிடத்து அது தொடராது ஒழிந்தது என்றும் இத்தல வரலாறு கூறும். கண்ணுக்குப் புலனாகாத ஒன்று விடாது பின்தொடர்கிறது என்னும் அச்சம் மனித குலத்துக்கு அத்துணைப் பழையது. தொல்காப்பியனாரும் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களன்களை நான்காக வகுத்தார். அவ்வச்சச் சுவையை இக்காலச் சிறுகதையில் நிலைநிறுத்தியோருள் தலையாயவர் புதுமைப்பித்தன் ஆவர்.

இவருடைய இயற்பெயர் விருத்தாசலம். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர். அன்னை பர்வதத்தம்மாளோ மைந்தனுக்கு எட்டு வயதாகும்போதே மறைந்தார். தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்த விருத்தாசலம் திருநெல்வேலிச் சீமையிலே கல்வி கற்று, 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே கமலா அம்மையாரை மணந்தார். மகன் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது தந்தையார் விருப்பம்; எழுத வேண்டும் என்பது மகனின் விருப்பம். இறுதியில் எழுத்தே வென்றது. ஆயின் அவ்வெற்றியோடு வறுமையும் வீட்டுக்குள் புகுந்தது.

சென்னையை அடைந்தவர் ‘மணிக்கொடி’யில் கதைகள் எழுதினார், ‘ஊழியன்’, ‘தினமணி’, ‘தினசரி’ என்னும் பத்திரிகைகளிற் பணிபுரிந்தார். நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்த ஏழைகளின் அவலத்தைத் ‘துன்பக் கேணி’யில் தீட்டினார். அக்கதையிற் பேய் இல்லை. ஆனால் மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையினும் பெரிய பேய் வேறு யாது?

‘பிரம்மராக்ஷஸ்’, ‘செவ்வாய் தோஷம்’ முதலிய கதைகளில் அச்சத்தை நேரே எடுத்தாண்டார். இவ்வகையில் முடிமணியாய்த் திகழ்வது 1943இல் வெளிவந்த ‘காஞ்சனை’. ஓர் எழுத்தாளன் வீட்டுக்கு வேலைக்காரியாக ஒருத்தி வருகிறாள். வீட்டில் விளக்கவியலாத வாடை வீசுகிறது. இரவுகள் அமைதி இழக்கின்றன. அவள் பெண்ணா, பேயா, அன்றி அவ்வெழுத்தாளனின் மனமயக்கந்தானா? ஆசிரியர் விடை கூறவில்லை. விடை கூறாமையினாலேதான் அக்கதை படித்து முடித்த பின்னும் நம்மை விட்டு அகல்வதில்லை.

பிறமொழி நூலை உருமாற்றித் தழுவி எழுதுவதனை மறுத்து, மொழிபெயர்ப்பே நேர்மை என வாதிட்டவர் இவர். ஆங்கில நங்கை மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் நூலைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழில் தந்தார். அதனை எழுதத் தொடங்கிய காலை மேரிக்கு வயது பதினெட்டே. இளையோருக்கும் அச்சக் கதைக்கும் உள்ள உறவு இன்று நேற்றையது அன்று. 1978இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ போன்ற படங்களில் முகமூடி அணிந்த கொலைஞன் இளைஞரைத் தொடர்ந்து சென்று வெட்டி வீழ்த்துவான். அத்தகைய படங்களின் போக்கை ஒட்டி, ஆர். எல். ஸ்டைன் 1989 முதல் ‘ஃபியர் ஸ்ட்ரீட்’ என்னும் வரிசையை இளையோருக்காகவே எழுதினார். அவற்றில் அச்சம் கத்தி முனையில் நிற்கிறது. புதுமைப்பித்தனிடத்திலோ அது நம் வீட்டு அடுக்களையில், நம் உள்ளத்தில் நின்று நடுக்குகிறது.

கதைகள் புகழைத் தந்தனவேயன்றிப் பொருளைத் தரவில்லை. திரைப்படத் துறையை நாடினார். அன்னையின் நினைவாகப் பர்வதகுமாரி என்னும் பெயரிற் படக் கம்பெனி தொடங்கினார், அது நிலைக்கவில்லை. ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதும் பொருட்டுப் புனா நகர் சென்றார். ஆங்கே சயரோகம் முற்றியது. கதைகளிற் பேயை ஏவி விளையாடியவரை மெய்யான யமன் பின்தொடர்ந்தான். 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்திலே, தம் நாற்பத்திரண்டாம் வயதில், மனைவியையும் பச்சிளம் பெண்மகவையும் விட்டு மறைந்தார். 2002இல் தமிழ்நாட்டு அரசு அவர்தம் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.

மாணவர் பேய்க்கதை படித்தாற் கெடுவர் எனக் கடிந்து, புத்தகத்தைப் பறித்து வைக்கும் ஆசிரியர் இன்றும் உளர். பறித்து வைத்தால் ஆசை அடங்குமா? மறைவிற் படிப்பர்; அவ்வளவே. அஞ்ச விரும்பும் இளம் உள்ளத்துக்கு அஞ்சத் தக்கது எது எனக் காட்டுதல் அன்றோ ஆசிரியர் கடன்? குருதி சிந்தும் காட்சியைக் கண்டு கூச்சலிட்டு மறந்துவிடும் மாணவன் கையில் ‘காஞ்சனை’யைக் கொடுத்துப் பார்ப்போம். அவன் கூச்சலிட மாட்டான். சிறிது நேரம் பேசாதிருப்பான். பின்பு ஒரு வினாவோடு நம்மிடம் வருவான். இலக்கியக் கல்வி அவ்வினாவில் தொடங்குகிறது.