திருச்சியின் கடைசி நாயக்க அரசி

திருச்சிராப்பள்ளி என்றதும் மலைக்கோட்டையும் இராணி மங்கம்மாளும் நம் நினைவிற்கு வருவது இயல்பு. ஆனால் மங்கம்மாளுக்குப் பின் இதே கோட்டையிலிருந்து ஆண்ட மற்றோர் அரசியைப் பலரும் அறியார். அவரே மதுரை நாயக்கர் மரபின் கடைசி அரசியான மீனாட்சி.

மங்கம்மாளின் பேரர் விசயரங்க சொக்கநாதர் 1706 முதல் ஆண்டார். தெய்வ பக்தி மிக்க அவர் திருவரங்கம் கோயிலுக்கு வாரி வழங்கினார். அவருடைய உருவச் சிலையை அங்கே இன்றும் காணலாம். ஆயினும் ஆட்சிக் காரியங்களில் அவர் கருத்துச் செலுத்தவில்லை. மகப்பேறின்றி அவர் 1732-இல் மறைந்தபோது, தளர்ந்துபோன ஓர் அரசே அவர் மனைவி மீனாட்சியின் கைக்கு வந்தது.

மீனாட்சி மனம் தளரவில்லை. அரச குடும்பத்தைச் சேர்ந்த பங்காரு திருமலையின் மகன் விசயகுமாரனைத் தத்தெடுத்துக்கொண்டு ஆளத் தொடங்கினார். ஆனால் பங்காரு திருமலையோ அரியணை தமக்கே உரியது என்று எதிர்த்து எழுந்தார். குடும்பம் இரண்டுபட்டது.

1734-இல் ஆற்காட்டு நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் படையுடன் வந்தனர். பங்காரு திருமலை சப்தர் அலிக்கு முப்பது இலட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி அவர் துணையை நாடினார். அஞ்சிய அரசி, சந்தா சாகிபுக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். சந்தா சாகிபும் திருக்குர்ஆன் மேல் ஆணையிட்டு வாக்களித்தாராம். பட்டுத் துணிக்குள் இருந்தது மறைநூலன்று, வெறும் செங்கல்லே என்று ஒரு கதையும் வழங்குகிறது.

1736-இல் மீண்டும் வந்த சந்தா சாகிபை நம்பி அரசி கோட்டைக்குள் இடங்கொடுத்தார். அவருடைய படை பங்காரு திருமலையை வென்று விரட்டியது. பகைவர் ஒழிந்தார் என்று அரசி எண்ணியிருந்த வேளையில், சந்தா சாகிபு அவரையே அரண்மனையில் சிறை வைத்தார். ஏமாற்றம் தாளாத அரசி நஞ்சுண்டு மாண்டார். இருநூறு ஆண்டுகள் தழைத்த நாயக்கர் ஆட்சி அவரோடு முடிந்தது.

வஞ்சத்தால் வென்றவரும் வாழவில்லை. 1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைப்படுத்தினர். பின்னர் விடுதலை பெற்று வந்த அவர், 1752-இல் திருவரங்கத்தில் முற்றுகைக்கு உள்ளாகி, தஞ்சைத் தளபதியை நம்பிச் சரணடைந்து கொல்லப்பட்டார்.

பாரசீகத்திலும் சாசானியர் பேரரசு சரிந்த நாளில், 630-இல், போரான் என்னும் அரசி அரியணை ஏறினார். உட்பகையால் சிதைந்திருந்த நாட்டை அவராலும் நிலைநிறுத்த முடியவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே அவர் ஆட்சி முடிந்தது.

பெண் ஆண்டதால் நாடு வீழ்ந்தது என்று கூறுவார் உண்டு. மங்கம்மாள் பதினேழு ஆண்டுகள் செம்மையாக ஆண்டாரே! நாட்டை வீழ்த்தியது பெண்மையன்று, உறவினர் பகையே. வீட்டுச் சண்டையைத் தீர்க்க அயலாரை அழைத்த இருவரும் வீட்டையே இழந்தனர். தோழியரே, உடன்பிறந்தாரோடும் உற்றாரோடும் பிணக்கு நேர்ந்தால் நாமே பேசித் தீர்ப்போம். பிளவுபட்ட வீடு நிலைக்காது என்று நம் ஆண்டவர் கற்பித்த பாடத்திற்கு நம் ஊர்க் கோட்டையே சாட்சி.