தண்டவாள ஆணி பிடித்த சிற்பி

முப்பத்தைந்தைத் தாண்டியதுமே இனிமேல் புதிதாக என்ன செய்து கிழிக்கப் போகிறோம் என்ற அலுப்பு நம் பேட்ச் பசங்க பலருக்கும் வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த நேரத்தில்தான் வில்லியம் எட்மண்ட்சனைப் பற்றிப் படித்தேன். மனிதர் உளியைக் கையில் எடுத்தபோது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது!

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் ஊருக்கு அருகே 1874 வாக்கில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள். முறையான படிப்பு கிடையாது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். 1907-ல் காலில் அடிபட்டு அந்த வேலை போச்சு. அப்புறம் ஒரு பெண்கள் மருத்துவமனையில் பல வருஷம் எடுபிடி வேலை. 1931-ல் அதுவும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக் கொல்லையில் கல்லைச் செதுக்க உட்கார்ந்தார். கல்லறைக் கல் செய்யும்படி கடவுளே கட்டளையிட்டார் என்பது அவர் நம்பிக்கை.

இன்ஜினீயர் புத்தி எனக்கு. கடவுளை விட்டு உளிக்குப் போய்விட்டேன். இடித்த கட்டடங்களில் கிடைத்த சுண்ணாம்புக் கல், தெருவோரக் கரைக்கல், இவைதான் அவருக்குச் சரக்கு. பழைய தண்டவாள ஆணிகளையே உளியாக்கிக்கொண்டார். கருங்கல்லில் இந்தப் பாச்சா பலிக்காது. சுண்ணாம்புக் கல்லின் கால்சைட், மோஸ் அளவில் 3 தான். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 7. அதனால் சாதாரண இரும்பே இறங்கும். ஆனால் மெல்லிய கல் நீட்டினால் ஒடியும். அவருடைய தேவதைகள், ஆசிரியைகள், ஆட்டுக்கிடா, குத்துச்சண்டை வீரர் எல்லாமே கையும் காலும் உடம்போடு ஒட்டி, கட்டையாக இருப்பதைப் பாருங்களேன். விமரிசகர்கள் இதைப் பாமரக் கலை என்றார்கள். நான் ஒப்பமாட்டேன். கல் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த கை அது. நாம் நாலு வருஷம் படித்து மார்க் வாங்கிய பாடம்.

லூயிஸ் டால்-வுல்ஃப் என்ற பெண் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் நியூயார்க் வரை போயின. 1937-ல் அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய 12 சிற்பங்களைக் காட்சிக்கு வைத்தது. கறுப்பினக் கலைஞர் ஒருவருக்கு அங்கே நடந்த முதல் தனிக் கண்காட்சி அதுதான். அதனால் பெரிய பணம் ஒன்றும் வந்துவிடவில்லை. அந்தக் குத்துச்சண்டை வீரர் 2016-ல் ஏலத்தில் 7,85,000 டாலருக்குப் போனார்!

எட்மண்ட்சன் 1951 பிப்ரவரியில் காலமானார். ஊரில் எத்தனையோ பேருக்குக் கல்லறைக் கல் செதுக்கிக் கொடுத்தவர், மவுண்ட் அராரட் கல்லறைத் தோட்டத்தில் கல் எதுவும் நடாமலே புதைக்கப்பட்டார்.