இராமானுஜனின் சிலேற்

சீனிவாச இராமானுஜன் கணக்குச் செய்தது சிலேற்றில், அழித்தது முழங்கையால். காகிதம் வாங்கக் காசில்லை. முடிவை மட்டும் கொப்பியில் எழுதி வைப்பார். அந்த முடிவுக்கு வந்த வழி சிலேற்றோடு அழிந்துபோகும். அவருடைய கொப்பிகளில் உள்ள ஆயிரக்கணக்கான முடிவுகளுக்கு நிறுவல் தேடிக் கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டதற்கு இந்தச் சிலேற்றும் ஒரு காரணம்.

அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22 இல், ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை புடவைக் கடையில் கணக்கெழுதுபவர். மாதச் சம்பளம் ஏறத்தாழ இருபது ரூபா. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிக் கொஞ்சம் உழைத்தார். அதுவும் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்துப் பணம் பெற்றார்கள். அந்த மாணவர்கள் மூலம்தான் லோனி எழுதிய திரிகோணகணித நூல் சிறுவன் கைக்கு வந்தது. இணைந்த கணிதம் படிக்கும் நம் அக்காமார் பலர் இன்றும் புரட்டும் அதே லோனிதான்! பதினைந்து பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த இன்னொரு நூல் கிடைத்தது. ஐயாயிரம் வரையான சூத்திரங்கள், விளக்கம் மிகக் குறைவு. அவற்றைத் தானே நிறுவிப் பார்ப்பது அவருக்கு விளையாட்டாகிவிட்டது.

1904 இல் புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், புலமைப்பரிசில் பறிபோனது. கட்டணம் கட்ட வழியின்றி, வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடற்றொழிலியல் காலை வாரியது. 1906 இலும் 1907 இலும் பரீட்சையில் தோல்வி. எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்தால்தான் சித்தி என்பது அன்றைய விதி. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைய வேண்டிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த இடத்தில் அவரைக் குறை சொல்வதா, பரீட்சையைக் குறை சொல்வதா என்று எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் வாதாடினோம். நான் பரீட்சையின் பக்கம் பேசவில்லை.

அடுத்த ஐந்து வருடங்களைப் பலர் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கொழும்புத்துறையில் எங்கள் வாடகை வீட்டில், வாப்பா வேலை செய்யும் கடையிலிருந்து கொண்டுவரும் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் கணக்குச் செய்கிறேன். தனியார் வகுப்புக் கட்டணத்துக்கு உம்மா தையல் மெசினில் இருக்கிறார். அதனால், பட்டமில்லாத, வேலையில்லாத ஓர் இளைஞன் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுகளைத் தட்டிய காலத்தை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை.

எழுதுவினைஞர் வேலை கேட்டு, இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய இராமசுவாமி ஐயரிடம் போனார். கொப்பியைப் பார்த்த அவர் இந்தத் திறமையைச் சிறு வேலையில் புதைக்க மனமில்லாமல் சென்னையிலிருந்த கணித அறிஞர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திரராவ் மாதம் இருபத்தைந்து ரூபா கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபா சம்பளத்தில் வேலை. அங்கே பொதி சுற்றிவந்த காகிதங்களையும் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். மேலதிகாரி நாராயண ஐயர் இரவில் உடனிருந்து கணக்குப் பார்த்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் இங்கிலாந்தில் வேறு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பலன் கிடைத்திருக்கவில்லை. ஹார்டி மட்டும் நண்பர் லிட்டில்வூட்டுடன் உட்கார்ந்து வாசித்தார்.

1914 இல் கப்பலேறினார். முதலாம் உலகப் போர், குளிர், மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, கடைசியில் நோய். 1918 இல் முப்பது வயதில் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிற்றிக் கல்லூரியும் அவரைத் தன் ஆய்வாளராக ஏற்றது. 1729 என்ற வாடகைக் கார் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

அதிகம் சொல்லப்படாதது, 1919 ஜனவரியில் அவர் நோயாளியாக இருந்தபடி எழுதிய ஒரு கடிதம். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் தர முன்வந்திருந்தது. அது தன் தேவைக்கு மிஞ்சியது என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண் கொடுத்து, தன் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழை, அநாதைப் பையன்களின் கட்டணத்தைக் குறைக்கவும் பாடசாலைகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தக் கேட்டார். கட்டணமும் புத்தகமும்! பதினைந்து வருடத்துக்கு முன் தன்னை நிறுத்திய இரண்டையும் அவர் மறக்கவில்லை. பையன்கள் என்றுதான் எழுதினார். பெண்பிள்ளைகள் அந்தக் கடிதத்தில் இல்லை. அந்தக் காலம் அப்படி என்று விடலாம், ஆனால் வாசிக்கும்போது எனக்கு அது தட்டியது.

1919 மார்ச்சில் நாடு திரும்பினார். படுக்கையில் கிடந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த முறை சிலேற்றோடு நிற்கவில்லை, தாள் இருந்தது. 1920 ஏப்ரல் 26 இல் சென்னையில் காலமானார். வயது 32. அந்தத் தாள்கள் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் போய், 1976 இல் டிரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்து எடுக்கப்பட்டன.

பத்து வயதில் அவருக்கு மணமுடிக்கப்பட்ட ஜானகி, கணவர் இறக்கும்போது இருபத்தொரு வயதுப் பெண். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியத்துடன், திருவல்லிக்கேணியில் தையல் தைத்துத் தன் செலவைத் தானே பார்த்தார். ஒரு பையனையும் எடுத்து வளர்த்தார். 1994 வரை இருந்தார்.