வேலை கிடைக்காத பொறியாளர்

பொறியியல் மாணவருக்கும் கணித மாணவருக்கும் இடையே எந்த விடுதியிலும் ஓர் ஓயாத வழக்கு உண்டு. கணிதம் சோறு போடுமா என்பார் ஒரு சாரார். பொறியியலில் சிந்தனைக்கு இடம் ஏது என்பார் மற்றொரு சாரார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயின்ற ஒருவரின் வாழ்க்கை இவ்வழக்கிற்கு விடை தருகிறது. அவர்தாம் பௌதிக மேதை பால் டிராக்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1902 ஆகஸ்டு 8ஆம் நாள் டிராக் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு ஆசிரியர், கண்டிப்பு மிக்கவர். உணவு மேசையில் பிரெஞ்சிலேயே பேசவேண்டும் என்பது அவர் கட்டளை. அம்மொழியில் நினைத்ததைச் சொல்ல வராத சிறுவன் வாய்மூடி இருக்கப் பழகிக்கொண்டான். அந்த மௌனம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அண்ணன் பீலிக்ஸ் மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தையோ பொறியியலே படிக்கவேண்டும் என்றார். விருப்பமின்றிப் படித்து மூன்றாம் வகுப்பில் தேறிய அவர், 1925இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பெற்றோர் கதறிய கதறலைக் கண்ட பிறகே, அவர்கள் மக்கள் மீது எவ்வளவு அன்பு வைத்திருந்தனர் என்பது டிராக்குக்குப் புரிந்ததாம். மகனின் விருப்பத்தைக் காலத்தில் கேட்டிருந்தால் அந்த அன்பு பயன்பட்டிருக்கும் அன்றோ?

டிராக்கின் உள்ளம் நாடியது கணிதத்தை. ஆனால் கணிதம் படித்தவனுக்குப் பள்ளி ஆசிரியர் வேலையன்றி வேறில்லை என்று அவர் எண்ணினார். எனவே 1918இல், பதினாறாம் வயதில், அண்ணன் சென்ற வழியிலேயே பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தில் மின் பொறியியலில் சேர்ந்தார். 1921இல் முதல் வகுப்பில் தேறினார். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை! போருக்குப் பிந்திய மந்த காலம் அது. கேம்பிரிட்ஜில் ஆண்டுக்கு 70 பவுன் உதவித்தொகை கிடைத்தும், அது அங்கே வாழப் போதவில்லை.

அப்போது பிரிஸ்டல் கணிதத் துறையினர், கட்டணமின்றிக் கணிதம் படிக்க வருமாறு அழைத்தனர். முதலாண்டுப் பாடங்களையும் தள்ளுபடி செய்தனர். வேலையில்லாத் திண்டாட்டமே அவரைக் கணிதத்திடம் கொண்டு சேர்த்தது. சிறப்பு வகுப்பில் இருந்தவர் இருவரே. உடன் பயின்ற மாணவி பயன்முறைக் கணிதம் வேண்டும் என்றதால், டிராக்கும் அதையே எடுத்துக்கொண்டார். 1923இல் மேலும் ஓர் உதவித்தொகை கிடைக்கவே கேம்பிரிட்ஜ் சேர்ந்தார்.

1925இல் ஹைசன்பர்க்கின் புதிய கொள்கை அவர் கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உலாவச் சென்றபோது, முன்பு எப்போதோ படித்த பாய்ஸானின் கணிதக் கருவி ஒன்று அதற்குப் பொருந்துமோ என்று தோன்றிற்று. சரிபார்க்க வீட்டில் நூல் இல்லை, நூலகமும் மூடிக்கிடந்தது. இரவெல்லாம் தவித்திருந்து, திங்கள் காலை நூலகம் திறந்ததும் ஓடிப் பார்த்தார். அவர் நினைத்தது சரியே! 1928இல் எலெக்ட்ரானுக்கு அவர் அமைத்த சமன்பாடு, அதன் எதிர்த்துகள் ஒன்று உண்டு என்ற முடிவிற்கு அவரை இட்டுச் சென்றது. 1932இல் ஆண்டர்சன் அத்துகளைக் கண்டார். நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவி அதே ஆண்டிலும், நோபல் பரிசு 1933இலும் டிராக்கைத் தேடி வந்தன.

அப்படியானால் பொறியியல் படித்த மூன்றாண்டுகளும் வீணா? இல்லை என்றே டிராக் கூறிவந்தார். முழுத் துல்லியமான சமன்பாடுகளை மட்டுமே மதித்த தமக்கு, தோராயத்திலும் அழகு உண்டு என்று காட்டியது பொறியியலே என்பது அவர் கருத்து. உத்தரத்தின் ஒரே புள்ளியில் பாரம் முழுவதும் அழுந்தினால் அதை எப்படிக் கணக்கிடுவது? பொறியியல் மாணவர் நாள்தோறும் காணும் இக்கணக்கின் பழக்கம், அவர் பெயரால் வழங்கும் டெல்டா சார்பு பிறக்கத் துணைசெய்தது. ஒரு புள்ளி தவிர எங்கும் சுழியாக இருந்தும், மொத்தம் ஒன்றாகும் விந்தைச் சார்பு அது. கணித நெறியை மட்டும் கற்றவர் அதைத் தொடத் தயங்கியிருப்பார், பொறியாளர் துணிந்தார்.

நம்மவர்க்கும் அவரோடு தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1930இல் கேம்பிரிட்ஜ் சென்ற சந்திரசேகருக்கு, ஆசிரியர் பௌலர் வெளியூர் சென்றிருந்த காலத்தில் வழிகாட்டியாக இருந்தவர் டிராக். அவரைக் கோபன்ஹேகன் சென்று பயிலச் சொன்னவரும் அவரே. 1954இல் டிராக் பம்பாய்க்கு வந்து டாடா ஆராய்ச்சி நிலையத்தில் விரிவுரைகள் ஆற்றினார். 1984 அக்டோபர் 20ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடாவில் மறைந்தார்.

விரும்பிய துறை கிட்டாமல் வேறு துறையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் நம்மிடையே சிலர் உண்டு. வேலை உத்தரவு வராமல் வாடுவோரும் உண்டு. எல்லோரும் டிராக் ஆகிவிட முடியாதுதான். ஆயினும் கருத்தூன்றிக் கற்ற பாடம் எதுவும் வீண்போவதில்லை. விரும்பிய கதவு பிறகு திறக்கும்போது அதுவும் நம்மோடு உள்ளே வரும். பீலிக்ஸுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஆகவே, பக்கத்து அறையில் எவரேனும் பேச்சற்று அமர்ந்திருந்தால், நாம் போய்க் கதவைத் தட்டுவோம்.