அரண்மனையை விட்டு ஓரியூர் வந்தவர்

கோட்டையூரில் பஸ் ஏறி, காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை என்று கிழக்கே போனால் ஓரியூர் என்ற சிற்றூர் வரும். அங்கே வெள்ளை வெளேரென்று ஒரு மாதா கோவில் இருக்கிறது. பக்கத்திலே மணல் மேடு. அந்த மணல் சிவப்பாக இருக்கும்.

ஓரியூருக்கு வருகிறவர்கள் அந்த மணலில் ஒரு பிடி முடிந்து கொண்டு போவார்கள். நோய் தீரும் என்று நம்புவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் வருகிறார்கள். பிள்ளைக்கு முடி இறக்குகிறார்கள். காது குத்துகிறார்கள். அருளானந்தர் என்ற மகானின் ரத்தம் பட்டுத்தான் மணல் சிவந்தது என்று பாட்டிமார் கதை சொல்வார்கள்.

அருளானந்தர் யார்? எங்கிருந்து வந்தார்? அவர் தலை ஏன் வெட்டப்பட்டது? கதைகளை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்து விட்டு, நடந்த சரித்திரத்தைப் பார்ப்போம். கதையை விட அதுதான் அதிசயமானது.

அரசகுமாரனின் தோழன்

அருளானந்தரின் சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. ஐரோப்பாவில் போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். அங்கே 1647-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பெரிய பிரபு. பிரேசில் நாட்டிலே ரியோ டி ஜெனிரோவுக்குக் கவர்னராகப் போனவர். போன இடத்திலேயே காலமானார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்தார்.

ஜான் சிறு வயதிலேயே அரண்மனைக்குப் போனார். அரசகுமாரன் பீட்டருக்குத் தோழனாக இருந்தார். இந்த பீட்டர்தான் பிற்காலத்தில் போர்ச்சுகல் மன்னர் ஆனவர். அரசகுமாரனோடு விளையாடும் பிள்ளைக்கு வாழ்க்கையில் என்ன குறை? படை வேண்டுமா, பதவி வேண்டுமா, கேட்டால் கிடைக்கும்.

ஆனால் பிள்ளைப் பருவத்தில் ஜானுக்குக் கடுமையான நோய் கண்டது. பிழைப்பது அரிது என்றார்கள். தாயார் புனித சவேரியாரிடம் வேண்டிக் கொண்டார். மகன் பிழைத்தால் ஓராண்டு அவனுக்குச் சேசு சபைத் துறவியின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்து கொண்டார். மகன் பிழைத்தான். நேர்ந்தபடி அங்கியும் அணிந்தான். ஓராண்டு முடிந்தது. அங்கி கழன்றது. ஆசை கழலவில்லை. 1662-ம் ஆண்டு டிசம்பர் மாதம், பதினைந்தே வயதில், ஜான் சேசு சபையில் சேர்ந்து விட்டார்.

இந்தியாவுக்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். தாயார் தடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. 1673-ம் ஆண்டு கப்பல் ஏறினார். அந்தக் காலத்தில் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு ஆறு மாதப் பிரயாணம். வழியிலே காய்ச்சல், தண்ணீர்ப் பஞ்சம், புயல். கப்பலில் ஏறியவர்கள் எல்லாரும் கரை சேருவது இல்லை. ஜான் செப்டம்பரில் கோவாவில் இறங்கினார்.

பண்டார சாமி

அடுத்த ஆண்டு மலையாள நாட்டிலிருந்து மலைத் தொடரைக் கால்நடையாகத் தாண்டித் தமிழகம் வந்தார். இங்கே ஏற்கெனவே ஒரு வழி போட்டிருந்தார்கள். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக் கொண்ட ராபர்ட் டி நொபிலி 1606-ம் ஆண்டிலேயே மதுரைக்கு வந்தவர். கோட்டும் தொப்பியும் அணிந்து, மாமிசமும் மதுவும் உண்டு வந்தால் தமிழ் மக்கள் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று கண்டவர் அவர். அதனால் காவி உடுத்தார். சைவ உணவு உண்டார். தமிழும் வடமொழியும் கற்றார்.

அதே வழியில் ஜானும் போனார். அருளானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டார். காவித் துணி, தலைப்பாகை, கையிலே மூங்கில் கோல். சோறும் காய்கறியும்தான் சாப்பாடு. தரையில்தான் படுக்கை.

இதிலே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் இந்தப் பாதிரிமாரில் இரண்டு வகை இருந்தார்கள். ஒரு வகையார் பிராமண சந்நியாசிகளைப் போல இருப்பார்கள். மேல் சாதியாரோடு மட்டும் பழகுவார்கள். மற்ற வகையார் பண்டார சாமிகள். இவர்கள் ஏழை எளியவர்களிடமும் தாழ்த்தப்பட்டவர்களிடமும் போகலாம். அரண்மனையில் வளர்ந்த அருளானந்தர் பண்டார சாமியாகவே இருந்தார். காடும் மேடும் நடந்து, குடிசைகளிலே தங்கி, இரவிலே கூட்டம் கூட்டிப் போதித்தார்.

பாகனேரியில் பட்ட பாடு

1686-ம் ஆண்டு அவர் மறவர் சீமைக்குள் நுழைந்தார். அன்று சிவகங்கைச் சீமை என்று தனியே கிடையாது. அது பிரிந்தது பின்னால்தான். கோட்டையூர், காரைக்குடி என்று நாம் செட்டிநாடு என்று சொல்லும் பகுதியில் பெரும்பாகம் அப்போது ராமநாதபுரம் சேதுபதியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. சாமானியர் அல்ல. தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர். மதுரை நாயக்கருக்கு அடங்கிக் கிடந்த சீமையைத் தலை நிமிரச் செய்தவர். 1710-ம் ஆண்டு வரை அவர் ஆட்சி நீடித்தது. சீமைக்குள் உட்பகை நிறைய இருந்தது. அயல்நாட்டுச் சாமியார் ஒருவர் ஊர் ஊராக ஆள் சேர்ப்பதை அவர் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

ஜூலை மாதம் சேதுபதியின் தளபதி குமாரப் பிள்ளையின் ஆட்கள் அருளானந்தரைப் பிடித்தார்கள். கூட இருந்த உபதேசியார்களையும் பிடித்தார்கள். காளையார்கோவில் பக்கத்துப் பாகனேரிக்குக் கொண்டு போனார்கள். கட்டிப் போட்டு அடித்தார்கள். தண்ணீரில் அமுக்கினார்கள். வெயிலில் காய்ந்த முரட்டுப் பாறை மேலே கிடத்தி மிதித்தார்கள். சிவன் பெயரைச் சொன்னால் விட்டு விடுவதாகச் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை.

உயிர் போய் விடும் என்று எல்லாரும் நினைத்த வேளையில் சேதுபதியிடமிருந்து ஆள் வந்தது. மன்னர் அவரை ராமநாதபுரத்துக்கு அழைத்தார். என்ன போதிக்கிறீர் என்று விசாரித்தார். அருளானந்தர் பத்துக் கட்டளைகளை விளக்கினார். கொல்லாதே, களவு செய்யாதே, பொய் சொல்லாதே என்பதிலே குற்றம் காண என்ன இருக்கிறது? மன்னர் பொறுமையாகக் கேட்டார். இனி என் சீமையில் போதிக்கக் கூடாது என்று கட்டளை இட்டு விடுதலை செய்தார்.

இதைச் சிலர் மறந்து விடுகிறார்கள். பின்னால் சாகடித்த அதே சேதுபதிதான் முதலில் உயிர்ப் பிச்சை கொடுத்தவர்.

அரசர் அழைத்தும் தங்கவில்லை

1687-ம் ஆண்டு மிஷன் காரியமாக அருளானந்தரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1688-ம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். தோழன் பீட்டர் இப்போது மன்னர். அரண்மனையில் தடபுடலான வரவேற்பு. மெலிந்து கறுத்து வந்த பழைய தோழனைக் கண்டு எல்லாரும் திகைத்தார்கள். பட்டு மெத்தை போட்டார்கள். அவர் தரையிலே படுத்தார். விருந்து வைத்தார்கள். அவர் காய்கறியே உண்டார்.

மன்னர் அவரைப் போக விடாமல் தடுத்தார். இங்கேயே இரும் என்று கேட்டுக் கொண்டார். வயதான தாயாரும் இருந்தார். தங்கி இருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? பாகனேரிப் பாறையை அவர் மறந்திருக்க முடியாது. போதிக்கக் கூடாது என்ற சேதுபதியின் கட்டளையும் அப்படியே இருந்தது. மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்தும் 1690-ம் ஆண்டு மீண்டும் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மறுபடியும் மறவர் சீமைக்கு வந்து விட்டார்.

ஐந்து மனைவியர்

இனிமேல்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

சேதுபதி பட்டத்துக்கு உரிமை கொண்டாடக் கூடிய குடும்பத்தில் வந்தவர் தடியத் தேவர். அவருக்குப் பெரு நோய் வந்தது. வைத்தியம் பலிக்கவில்லை. அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். அருளானந்தர் வந்து தொட்டதும் நோய் பறந்தது என்று கதை சொல்வார்கள். நடந்தது வேறு. அவர் உடனே போகவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அந்தத் தமிழர்தான் தேவரின் தலைமாட்டில் நின்று ஜெபம் சொன்னார். வேத வசனம் படித்தார். தேவர் தேறினார். பெயர் சரித்திரத்தில் பெரிதாக நிற்காத அந்த உபதேசியார் போன்றவர்களால்தான் மிஷன் வேலையே நடந்தது.

தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் தயங்கினார். தேவருக்கு ஐந்து மனைவியர். கிறிஸ்தவ வேதப்படி ஒருவனுக்கு ஒருத்திதான். அதிலே விட்டுக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக் கொண்டார். மற்ற நால்வரையும் விலக்கினார். அவர்களுடைய வாழ்வுக்கு வேண்டியதைச் செய்வதாகச் சொன்னார். 1693-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்ட நால்வரில் ஒருவர் சேதுபதிக்கு நெருங்கிய உறவுப் பெண். அந்த நாச்சியார் அழுது கொண்டு மன்னரிடம் போனார்.

அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! ஊரறியத் தாலி கட்டிய புருஷன் ஒரு நாளிலே நீ மனைவி இல்லை என்கிறான். சோறும் துணியும் தருகிறேன் என்றால் போதுமா? அவருடைய முறையீட்டிலே நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தூர தேசத்தில் எழுதப்பட்ட பல புத்தகங்கள் அவரைக் கெட்ட பெண்ணாகவே காட்டி விட்டன. நம் ஊர்ப் பெண்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

சேதுபதி கோபம் கொண்டார். கோபம் மட்டும் அல்ல, பயமும் இருந்தது. பட்டத்துக்கு உரிமை உள்ள ஒருவர் புது மதத்தில் சேர்ந்து, அவர் பின்னால் கிறிஸ்தவர்கள் எல்லாரும் திரண்டால் நாளை என்ன நடக்கும்? கோவில் குருக்கள்மாரும் அதையே எடுத்துச் சொன்னார்கள். ஜனவரி 8-ந் தேதி அருளானந்தரைச் சிறை பிடித்தார்கள்.

திருநீற்றுப் புதன்

ராமநாதபுரத்தில் விசாரணை நடந்தது. தடியத் தேவர் அருளானந்தருக்காக வாதாடினார். தலைநகரிலே கொன்றால் கலகம் வருமோ என்று மன்னர் யோசித்தார். நாடு கடத்துவதாக வெளியிலே உத்தரவு போட்டார். உள்ளே வேறு உத்தரவு போட்டார். அருளானந்தரை ஓரியூருக்கு அனுப்பினார். அங்கே அதிகாரம் செய்தவர் மன்னரின் தம்பி உடையார் தேவர். கொன்று விட வேண்டும் என்று தம்பிக்கு ரகசியச் செய்தி போயிற்று.

ஜனவரி 31-ந் தேதி அருளானந்தர் ஓரியூர் வந்தார். சிறையில் இருந்தபடியே, கரியை மையாகக் கொண்டு, தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். யார் மேலும் அவர் பழி சொல்லவில்லை. சாவைச் சந்தோஷமாக எதிர்பார்ப்பதாக எழுதினார்.

1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி. கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் இடும் திருநீற்றுப் புதன்கிழமை. பாம்பாற்றுக் கரை மேட்டுக்கு அவரை நடத்திக் கொண்டு போனார்கள். முழங்கால் இட்டு ஜெபித்தார். வாள் இறங்கியது. தலை வேறு, உடல் வேறாயிற்று. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. மன்னர் பீட்டர் நன்றி வழிபாடு நடத்தினார். அருளானந்தரின் தாயார் துக்க உடை உடுத்தவில்லை. பண்டிகை உடை உடுத்து வந்தார். எந்த மகனைப் பிழைக்க வைக்க அங்கி நேர்ந்தாரோ, அந்த மகனை அந்த அங்கிக்கே கொடுத்து விட்டார்.

மணல் எப்படிச் சிவந்தது?

அருளானந்தரைப் புனிதராக்க ரோமாபுரியில் பேச்சு எழுந்தது. ஆனால் உடனே முடியவில்லை. காவி உடுத்து இந்தியச் சாமியாரைப் போல வாழ்ந்தது சரிதானா என்ற சண்டை அங்கே நெடுநாள் நடந்தது. இங்கே அவரை அந்நியர் என்று சந்தேகித்தார்கள். அங்கே அவரைத் தமிழராகி விட்டார் என்று சந்தேகித்தார்கள்! அது தடை அல்ல என்று 1741-ம் ஆண்டு போப்பாண்டவர் தீர்ப்புச் சொன்னார். 1853-ல் முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் கிடைத்தது. 1947-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி புனிதர் என்று அறிவித்தார்கள். இந்தியா சுதந்திரம் அடையச் சில வாரமே இருந்தது.

இனி அந்தச் செம்மணலைப் பற்றி ஒரு வார்த்தை. தென் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் தேரி என்று சொல்லும் செம்மணல் மேடுகள் பல உண்டு. மணலில் இருக்கும் இரும்புச் சத்து துருப்பிடித்து மணலுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறது என்று மண்ணை ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் நம்பிக்கையை வைத்துக் கொள்ளட்டும். அது அவரவர் மனசு.

ஆனால் அருளானந்தரின் பெருமை மணலின் நிறத்தில் இல்லை. அவர் மந்திரத்தால் நோய் தீர்த்தவரும் அல்ல, மன்னரோடு பகை வளர்த்தவரும் அல்ல. அரண்மனை வாசல் அவருக்குத் திறந்தே இருந்தது. தாயும் மன்னரும் இருக்கச் சொன்னார்கள். அடிபட்ட சீமை ஆறு மாதக் கடலுக்கு அப்பால் இருந்தது. அந்த மனிதர் அங்கேயே இருந்து விடவில்லை, திரும்பி வந்தார்.

அவரை வெட்டிய சீமையிலே, மறவர் குலத்தாரும் இன்று அவர் சந்நிதியில் பிள்ளைக்கு முடி இறக்குகிறார்கள். சண்டை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கும்பிடுகிறவர்களாகி விட்டார்கள். ஓரியூரில் எந்த அற்புதத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும், இந்த அற்புதம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.