குரலைக் காத்த வணிகர் ஹேமேந்திர மோகன் போஸ்

பாடகர் பாடி முடித்த கணமே பாட்டு காற்றில் கலந்து மறைந்துவிடும் என்பதே நெடுங்கால உலக நியதி. அந்நியதியை மாற்றிய போனோகிராப் என்னும் கருவியை 1877-இல் எடிசன் கண்டுபிடித்தார். அக்கருவி பாரத நாட்டுக்கு வந்தபொழுது, அதன் பேச்சைக் கேட்டு வியந்தோர் பலர். அதனைக் கொண்டு நம் நாட்டுக் குரல்களைப் பதிந்து, தம் பெயரிலேயே விற்கத் துணிந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்னின்றவர், எச். போஸ் என வங்கம் அறிந்த ஹேமேந்திர மோகன் போஸ் ஆவார்.

1864-இல் கிழக்கு வங்காளத்து மைமன்சிங் ஜில்லாவில் பிறந்த அவர், கல்கத்தாவில் பயின்று, வாசனைப் பொருள் வணிகத்தில் இறங்கினார். அவருடைய குந்தலீன் கூந்தல் தைலமும் தேல்கோஷ் அத்தரும் வங்காள இல்லங்களில் புகழ் பெற்றன. 1896-இல் குந்தலீன் பெயரால் சிறுகதைப் பரிசு ஒன்றையும் ஏற்படுத்தினார். கதையில் தைலம் இடம்பெற வேண்டும். ஆனால் அது விளம்பரமாகத் தோன்றலாகாது என்பது நிபந்தனை. விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் முதற்பரிசு பெற்றார். கடற்புயலைக் கூந்தல் தைலம் அடக்கியதாக அவர் புனைந்த கதை அது. 1903-இல் சரத் சந்திரர் உறவினர் பெயரில் எழுதிய கதையும் அப்பரிசை அடைந்தது.

இத்தகைய ரசிகர் ஒலிப்பதிவில் ஈடுபட்டதில் வியப்பில்லை. 1902-இல் லண்டன் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தா வந்து பாடல்களைப் பதிந்து, ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டுகளாக அச்சிட்டனர். நம் குரல் கடல் கடந்து சென்று, அயலார் சரக்காகத் திரும்பி வந்தது. போஸோ தாமே மெழுகு உருளைகளில் பதிந்தார். 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்தெழுந்த காலத்தில், இரவீந்திரநாத தாகூர் அவர்களின் குரலையும் துவிஜேந்திரலால் ராய் அவர்களின் குரலையும் பதிந்தார். 1906-இல் தர்மதலாத் தெருவில் அவர் நடத்திய பேசும் இயந்திர மண்டபத்தில் அவ்வுருளைகள் விற்பனையாயின.

எனினும் மெழுகு உருளை மென்மையானது. ஓட ஓடத் தேயும், தவறினால் உடையும், ஈரக் காற்றில் பூஞ்சணம் பற்றும். இதனை உணர்ந்த போஸ், பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தாருடன் 1908 வாக்கில் கூட்டுச் சேர்ந்து, உருளைப் பாடல்களைத் தட்டுகளுக்குப் பெயர்த்தார். உருளையைப் போலவே பாத்தே தட்டிலும் முனை மேலும் கீழுமாக அசைந்தே ஒலி எழுந்ததால் அது இயன்றது. ஆயின் ஏனைய கிராமபோன்களில் ஊசி பக்கவாட்டில் அசைவதாகையால், அத்தட்டுக்குத் தனிக் கருவி வேண்டியிருந்தது. அதே 1908-இல் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை நிறுவினர். அப்பெரும் முதலுடன் தனி ஒருவர் நெடுநாள் போட்டியிடல் இயலுமோ?

1916-இல் போஸ் மறைந்தார். அவருடைய உருளைகளில் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. ஆயினும் தாகூர் பாடிய வந்தே மாதரம், பாத்தே தட்டுக்குப் பெயர்க்கப்பட்டமையால், நமக்கு எஞ்சியுள்ளது. அவருடைய மைந்தர் நிதின் போஸ், 1935-இல் வெளிவந்த பாக்கிய சக்ரா என்னும் வங்காளப் படத்தில் பின்னணிப் பாடும் முறையைக் கையாண்டு புகழெய்தினார். குரலைப் பேணும் ஆர்வம் அக்குடும்பத்தில் தொடர்ந்தது போலும்!

வணிகக் கணக்கில் போஸ் தோற்றவராகத் தோன்றலாம். ஆனால் பதிந்ததோடு நில்லாது, ஒரு கலத்திலிருந்து மறுகலத்துக்கு மாற்றியதே அக்குரலைக் காத்தது. பிறந்த ஊரை விட்டு வாழும் நம் இல்லங்களிலும் பாட்டிமார் தாலாட்டும் முதியோர் பேச்சும் ஏதேனும் ஒரு பெட்டியில் உறங்கக்கூடும். அவற்றைக் காலத்தே மாற்றிப் பேணுவது நம் கடனன்றோ?